பெண் ஜனாதிபதி வந்தால் பெண்களின் சம்பளம் கூடுமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். கொழும்பில் ஒரு தனியார் அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் வேலை செய்கிறீர்கள். உங்களுக்குப் பிறகு சேர்ந்த ஓர் ஆணுக்கு அதே வேலைக்கு உங்களைவிடச் சம்பளம் கூட. அதை வீட்டில் சொன்னபோது அம்மா, “பொம்பள ஒருத்தி ஜனாதிபதியா வந்தாத்தான் இதெல்லாம் மாறும், 94ல நான் சந்திரிகாவுக்குப் போட்டதே அதுக்குத்தான்” என்றிருக்கிறார். அடுத்த முறை பெண் வேட்பாளர் ஒருவர் நின்றால், பெண் என்ற ஒரே காரணத்துக்காக வாக்களிக்கலாமா என்று கேட்கிறீர்கள். வாக்கைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: நம் சம்பளத்தைக் கூட்டுகிற பலம் யாருடைய கையில் இருக்கிறது? அதற்குப் பதில் கிடைத்தால் வாக்கைப் பற்றிய பதில் தானாக வந்துவிடும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தவர். ஒரு தொழிற்சங்கத்தின் மாதர் பிரிவில் 19 வருடம் வேலை செய்தேன். இடையில் தொழிற்சட்டத்தில் டிப்ளோமா முடித்தேன். நான் சட்டத்தரணி இல்லை, பொருளியல் படித்தவளும் இல்லை. சம்பளச் சீட்டு வாசிக்கத் தெரியும். சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும் அறைகளில், தலைவர்களுக்குப் பின்னால் ஃபைலோடு உட்கார்ந்திருந்த அனுபவம் உண்டு. நிச்சயமாகத் தெரிந்ததையும், என் கணிப்பு மட்டுமே என்பதையும் பிரித்துச் சொல்கிறேன்.

உங்கள் அம்மாவின் நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க நம் நாட்டைவிடப் பொருத்தமான நாடு அதிகம் இல்லை. 1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகத்தின் முதல் பெண் பிரதமரானார். அந்தத் தேர்தலில் எங்கள் மலையகப் பெண்களில், அதாவது இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த தமிழ்ப் பெண்களில், பெரும்பாலானோருக்கு வாக்கே இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தோடு அது போய்விட்டது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் செய்தார்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை. முடிவாகாமல் மிஞ்சிய 1,50,000 பேரை 1974ல் நாட்டுக்கு 75,000 பேர் என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த உடன்படிக்கை சிறிமாவோவுக்கும் இந்திரா காந்திக்கும் இடையே நடந்தது. இரண்டு பக்கமும் பெண் பிரதமர்கள். நடுவில் கொழுந்துக்கூடையோடு நின்ற பெண்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் சின்னம்மா அந்தக் கணக்கில்தான் கப்பலேறி, கோத்தகிரியில் மறுபடி தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார். 1973, 74ல் தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்ததும் சிறிமாவோவின் ஆட்சியில்தான். இதெல்லாம் அவர் பெண் என்பதால் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அவர் பெண்ணாக இருந்தது எங்களைக் காப்பாற்றவில்லை, அவ்வளவுதான்.

சம்பளத்துக்கு வருவோம். தோட்டத்தில் பெண்ணுக்குக் குறைவு என்பது வெறும் வழக்கமாக இருக்கவில்லை, சட்டத்திலேயே எழுதியிருந்தது. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். வெள்ளைக்காரத் துரை போனார், நாடு சுதந்திரமடைந்தது, பெண் பிரதமர் இரண்டு முறை ஆண்டார், தோட்டங்கள் அரசுடைமையாகின. அந்த ஏற்றத்தாழ்வு மட்டும் தொகை மாறி மாறித் தொடர்ந்தது. பெண்ணின் வேலை லேசான வேலை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். ஆனால் தொழிற்சாலைக்குள் போகிற ஒவ்வொரு கிலோ பச்சைக் கொழுந்தும் அநேகமாக அந்த ‘லேசான வேலை’ செய்கிற விரல்களிலிருந்துதான் போனது.

அது மாறிய வருடம் 1984. ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன, ஓர் ஆண். தோட்டத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான், ஓர் ஆண். அதுவும் அதே அரசாங்கத்தில் அமைச்சராக இருந்துகொண்டே நடத்தினார். 83 ஜூலைக் கலவரம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. ஏப்ரல் மாதம். விடியற்காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஒருவரும் போகவில்லை. கூடைகள் லயத்து வாசல் ஆணிகளில் தொங்கின. அம்மா பகலில் வீட்டில் இருந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த நாட்களில் அவர் வாசற்படியில் உட்கார்ந்து என் தலையைப் பின்னிவிட்டதும், எதிர்மலையைப் பார்த்து “கொழுந்து ஏறுது பாரு” என்றதும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பேச்சின் அர்த்தம் பிறகுதான் புரிந்தது. ஏப்ரலில் மழை விழுந்ததும் செடி தள்ளும். ஏழெட்டு நாளுக்கு ஒரு தரம் எடுக்காவிட்டால் இலை முற்றி, நல்ல தூளுக்கு உதவாமல் போகும். அந்த வருடம் உலகச் சந்தையில் தேயிலைக்கு நல்ல விலை வேறு. எடுக்காத ஒவ்வொரு நாளும் அரசாங்கத்துக்குக் காசு நட்டம். அந்த வேலைநிறுத்தத்தின் முடிவில்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் ஒன்றானது.

இதிலிருந்து நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று. பெண்ணின் சம்பளம் சமமான அந்த நாளில் மேலே பெண் இல்லை; கீழே கூடையைத் தூக்க மறுத்த லட்சக்கணக்கான பெண்கள் இருந்தார்கள். தொண்டமான் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் மேசையில் வைத்துப் பேசிய பலம் பெண்களின் விரல்கள்.

சம சம்பளம் என்று எழுதிவிட்டால் சமமாகிவிடுமா என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் அலுவலகத்திலும் நாளைக்கு இதுவே நடக்கலாம். 2019ல் ஒரு தம்பதி தங்கள் சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவந்து என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அப்போது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய், இருவருக்கும் ஒன்றுதான். கணவருக்குக் கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை. 22 நாள் போயிருந்தார், 22 ‘பேர்’ (ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு ஒரு பேர்) விழுந்திருந்தது, 15,400 ரூபாய். மனைவி 24 நாள் மலைக்குப் போயிருந்தார். அதில் ஐந்து நாள், ஒரு நாளுக்கு எடுக்க வேண்டிய 18 கிலோ வராததால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். 19 முழுப்பேரும் ஐந்து அரைப்பேரும் சேர்த்து இருபத்தொன்றரை, 15,050 ரூபாய். இரண்டு நாள் கூடப் போனவருக்கு 350 ரூபாய் குறைவு. கூடுதல் கிலோவுக்கு வந்த சில்லறையைத் தனியாக வைத்துத்தான் இந்தக் கணக்கு.

நேரத்தையும் பாருங்கள். கவ்வாத்துக்காரர் கொடுத்த கணக்கை வெட்டி முடித்து ஒன்று, ஒன்றரைக்கு வீட்டில் இருப்பார். கொழுந்துக்காரி இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அவிழ்த்து, கடைசி நிறுவை முடித்து லயத்துக்கு வர ஐந்து மணி. தராசில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒன்றிரண்டு கிலோ கழிப்பார்கள். அந்தக் கழிவு ஆணின் கவ்வாத்துக் கத்திக்குக் கிடையாது. அந்த அம்மா என்னிடம், “மிஸ், நான் எங்க குறைஞ்சேன்னு மட்டும் காட்டுங்க” என்றார். சங்கங்களும் தோட்ட முதலாளிகளும் செய்த கூட்டு ஒப்பந்தத்தில் ஆண், பெண் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. வேலையை எதால் அளக்கிறார்கள் என்பதில் அந்த வித்தியாசம் ஒளிந்திருந்தது: ஆணுக்கு முடிக்க வேண்டிய வேலை, பெண்ணுக்கு நிறுக்க வேண்டிய எடை. இதையும் சொல்கிறேன், சங்கத்தில் உறுப்பினர்களில் பெரும்பகுதி பெண்கள். அந்த அளவை முடிவு செய்யும் அறைக்குள் எங்களில் எத்தனை பேரை விட்டார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இப்போது உங்கள் அம்மாவின் 1994. அது சாதாரணத் தேர்தல் இல்லை. நவம்பர் 9ல் நடந்த வாக்கெடுப்பில் பிரதான வேட்பாளர்கள் இருவருமே பெண்கள்: சந்திரிகாவும், இரண்டு வாரத்துக்கு முன் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட காமினி திசாநாயக்கவின் மனைவி சிறிமாவும். சந்திரிகா 62 வீதத்துக்கு மேல் பெற்று வென்றார். பிறகு தன் தாய் சிறிமாவோவையே பிரதமராக்கினார். 2000ஆம் ஆண்டு வரை ஏறக்குறைய ஆறு வருடம் ஜனாதிபதியும் பெண், பிரதமரும் பெண். அந்தக் காலத்தில் பாராளுமன்றத்தில் பெண்கள் இருபதுக்கு ஒருவர் அளவுதான். சிறிமாவோ, சந்திரிகா, சிறிமா மூவரையும் அரசியலின் முன்வரிசைக்குக் கொண்டுவந்ததில் கொலை செய்யப்பட்ட கணவர்களின் பெயருக்கும் பங்கு உண்டு. அதனால் அவர்களின் திறமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கதவு அவர்களுக்குப் பின்னால் வந்த பெண்களுக்குத் திறந்து நிற்கவில்லை.

சந்திரிகாவின் காலத்தில் பெண்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது அநியாயம். 1995ல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டுப் பாலியல் தொந்தரவு குற்றமானது. 2003ல் தாயின் வழியாகவும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்க வழி வந்தது. 2005ல் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. இவை நடந்தது உண்மை. இவை அவர் பெண் என்பதால் நடந்தனவா, வருடக்கணக்காகத் தெருவில் நின்ற பெண்கள் அமைப்புகளால் நடந்தனவா என்பது விவாதத்துக்குரியது. குடியுரிமைத் திருத்தம் வந்தபோது பாராளுமன்றப் பெரும்பான்மை எதிர்க்கட்சியின் கையில் இருந்தது. மேலே ஒரு பெண் இருந்தது அந்த அமைப்புகளின் குரலுக்குக் கொஞ்சம் காது கொடுத்தது என்றே நினைக்கிறேன். இது என் கணிப்பு மட்டும்தான், நிரூபிக்க முடியாது.

சம்பளத்தைப் பொறுத்தவரை அவருடைய ஆட்சியில் வந்த ஆகப் பயனுள்ள சட்டத்தில் பெண் என்ற சொல்லே இல்லை. 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் திருத்தச் சட்டம் அது. ஓர் இடத்தில் சங்கத்துக்குத் தகுதியான தொழிலாளர்களில் 40 வீதம் பேர் அதில் சேர்ந்திருந்தால், முதலாளி அந்தச் சங்கத்தோடு பேச மறுப்பது குற்றம். ஆடைத் தொழிற்சாலைப் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆயுதம் என்பது, 40 வீதம் சேரவிடாமல் தடுக்க நிர்வாகங்கள் படும் பாட்டைப் பார்த்தால் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து ஒரே ஓர் உதாரணம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு அச்சாகப் பொருந்துகிறது. 1975 ஒக்டோபர் 24ல் ஐஸ்லாந்தின் பெண்களில் சுமார் 90 வீதம் பேர் வீட்டு வேலை உட்பட எல்லா வேலையையும் நிறுத்தினார்கள். ஆண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனார்கள். மீன் தொழிற்சாலைகள் மூடின. அடுத்த வருடமே சமத்துவச் சட்டம் வந்தது. ஐந்து வருடம் கழித்து, 1980ல், விவாகரத்தாகித் தத்தெடுத்த மகளைத் தனியாக வளர்த்த விக்டிஸ் ஃபின்போகடோட்டிர், மூன்று ஆண்களை எதிர்த்து 33.8 வீத வாக்கோடு வென்றார். மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் ஜனாதிபதி அவர். முதலில் வேலைநிறுத்தம், பிறகுதான் ஜனாதிபதி.

அதோடு நிற்கவில்லை. 1985ல், அந்த வேலைநிறுத்தத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு நாளன்று, விமானப் பணிப்பெண்களின் சம்பள வேலைநிறுத்தத்தை முடிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றி விக்டிஸின் கையெழுத்துக்கு அனுப்பியது. அவர் தாமதித்தார். அரசாங்கம் நெருக்கியது. அன்றே கையெழுத்திட்டார். அங்கே ஜனாதிபதி பதவி பெரும்பாலும் சம்பிரதாயமானது என்பதால் அவரிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது கடினம்தான். ஆனாலும் பெண்களின் சம்பளப் போராட்டத்தை நிறுத்திய சட்டத்தில், அந்த நாளிலேயே, பெண் ஜனாதிபதியின் பெயர் இருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் சம சம்பளம் கொடுக்கிறோம் என்று தாங்களே நிரூபித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்ற சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது 2018ல். அதற்குப் பிறகும் 2023 ஒக்டோபர் 24ல் பெண்கள் மறுபடி முழுநாள் வேலையை நிறுத்தினார்கள். பெண் பிரதமரும் அன்று வேலைக்குப் போகவில்லை.

உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். நம் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் வேறுபாடு காட்டக்கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு அரசின் செயலுக்கு எதிராகத்தான் போடலாம், அதுவும் ஒரு மாதத்துக்குள். உங்கள் முதலாளி தனியார் என்பதால் அந்த வழி உங்களுக்கு இல்லை. இலங்கை 1993ல் சம ஊதியம் பற்றிய சர்வதேசத் தொழிலமைப்பின் 100ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றது. ஏற்றதே தவிர, தனியார் துறையில் சம பெறுமதியான வேலைக்குச் சம ஊதியம் கொடுத்தாக வேண்டும் என்று பொதுவான சட்டம் ஒன்றைக் கொண்டுவரவில்லை. 1994க்குப் பிறகு ஆண்ட பெண்ணும் கொண்டுவரவில்லை, ஆண்களும் கொண்டுவரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. 84 நாள் பிரசவ விடுமுறைச் சம்பளத்தை முதலாளியே தன் பையிலிருந்து கொடுக்க வேண்டியிருப்பதால், பெண்ணை எடுத்தால் செலவு என்ற கணக்கு நேர்முகத்தேர்விலேயே தொடங்கிவிடுகிறது. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆரம்பச் சம்பளத்தில் கழித்துவிடுவார்கள். உங்களுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அப்படி வந்ததா, வேறு தகைமை காரணமா என்று ஆவணத்தைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

ஆகவே வாக்கு. பெண் என்பதற்காக மட்டும் வாக்களித்தால் சம்பளம் கூடும் என்று நான் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன வரலாறு முழுவதும் அதற்கு எதிராக நிற்கிறது. அதே சமயம், இருவர் சமமாகத் தெரிந்தால் பெண்ணுக்குப் போடுவதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. நானே அப்படிச் செய்வேன். 2019ல் 35 வேட்பாளர்களில் ஒரே ஒரு பெண். 2024ல் வாக்குச்சீட்டில் ஒரு பெண்கூட இல்லை. ஆனால் அதே வருடம் பாராளுமன்றத்துக்கு இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். குடும்பப் பெயர் இல்லாமல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஹரிணி அமரசூரிய பிரதமரானார். நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் மலையகத் தமிழ்ப் பெண்கள் தெரிவானார்கள். அந்தச் செய்தி வந்த இரவு எங்கள் லயத்துப் பிள்ளைகள் டிவியை விட்டு எழும்பவில்லை. அதைப் பார்க்கிற ஒரு பெண்பிள்ளையின் மனதில் நடப்பதை எந்தச் சம்பளச் சீட்டிலும் அளக்க முடியாது. அதற்கு மதிப்பு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

“பொம்பள வெல்ல மாட்டா, வாக்கு வீணாப் போகும்” என்று பயமுறுத்துவார்கள். நம் ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று மூன்று விருப்பு வரை போடலாம். முதல் விருப்பை உங்கள் மனதுக்குப் பட்ட பெண் வேட்பாளருக்கும், இரண்டாவதை முதல் இரண்டு இடத்துக்குள் வரக்கூடிய ஒருவருக்கும் போட்டால், ஒருவரும் பாதிக்கு மேல் எடுக்காத நிலையில் உங்கள் இரண்டாம் விருப்பு கணக்கில் வரும். 2024ல் முதன்முறையாக அப்படி இரண்டாம் கட்டம் எண்ணியே வெற்றியை அறிவித்தார்கள்.

வேட்பாளர் ஆணானாலும் பெண்ணானாலும் கூட்டத்துக்கு வந்தால் நான் கேட்கும் கேள்விகள் இவைதான்: சம பெறுமதியான வேலைக்குச் சம ஊதியச் சட்டத்தைத் தனியார் துறைக்கும் கொண்டுவருவீர்களா? பிரசவச் சம்பளத்தை ஒரு பொது நிதியத்துக்கு மாற்றுவீர்களா? ஒரே வேலைக்கு ஆணுக்கு என்ன, பெண்ணுக்கு என்ன என்று நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்பீர்களா? 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு கொண்டுவந்ததைப்போல் பாராளுமன்றத்துக்கும் கொண்டுவருவீர்களா?

தேர்தல் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். நீங்கள் சேர்ந்த திகதி, பதவியின் பெயர், நீங்கள் செய்கிற வேலைகளின் பட்டியல், கிடைத்த சம்பள உயர்வுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்த ஆண் ஊழியர் மனமிருந்து சொன்னால் அவருடையதையும் எழுதுங்கள்; அவரை எதிரியாக்க வேண்டாம், அவர் உங்கள் பங்கை எடுக்கவில்லை. கணக்குப் பிரிவில் வேறு பெண்களுக்கும் இப்படியா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம், அல்லது ஏற்கனவே உள்ள சங்கத்தில் சேர்ந்து தொழில் திணைக்களத்துக்குப் பிணக்காகக் கொண்டு போகலாம். நியமனக் கடிதத்தில் பெயரை மறைத்துவிட்டு இங்கே பதிவிட்டால், எந்தப் பந்தியைப் பிடித்துப் பேசலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.